மிச்சம் விட்ட ஒயர்

அண்ணி காலையிலேயே பட்டறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"தம்பி, அந்த மோட்டார் சீட்டை அவர் ஓட்டுற பக்கம் போடாதீங்க. பக்கத்து சீட்டா போட்டுடுங்க. நான்தான் ஓட்டக் கத்துக்கிட்டேனே. கேட்டார்னா, அங்கதான் பொருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

இளையவன் தலையை ஆட்டினான். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், முடியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவன் பெரும்பாலும் அப்படித்தான் பதில் சொல்வான். வண்டிகளுக்கு ஒயர் வேலை பார்க்கிறவனுக்குப் பேச்சு அதிகம் தேவைப்பட்டதில்லை.

அண்ணி போன சற்று நேரத்தில் அண்ணன் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். அவருக்குத் தசை மெலிந்துகொண்டே போகும் நோய். விரல்களில் தொடங்கி இப்போது கால்களுக்கு வந்திருந்தது. பிரேக்கை அழுத்தி மிதிக்க முடிகிற வரைக்கும் ஓட்டலாம், அதற்கப்புறம் சாவியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சீட்டை நகர்த்தும் கம்பியை இழுக்க விரல்களுக்கு ஏற்கெனவே வலுவில்லை. அதனால்தான், உடைக்கப் போட்ட ஒரு பெரிய காரிலிருந்து இந்தச் சீட்டைக் கழற்றி வந்திருந்தார்கள். அதன் பக்கவாட்டுப் பொத்தானைத் தொட்டால் போதும், தானே நகரும், உயரும், தாழும்.

"என்னடா ஊமை, சிம்மாசனம் தயாரா?"

"இன்னும் கரண்ட் குடுக்கல அண்ணே."

"எழுந்திருக்கத் தோதா தூக்கிவிட்டா போதும். தூக்கி ரோட்டுல போட்டுடப் போவுது."

சீட்டின் கால்கள் பழைய ஓட்டைகளில் உட்காரும்படி பக்கத்துக் கடை வெல்டர் பட்டை வைத்துக் கொடுத்திருந்தான். இளையவன் அதை அண்ணன் ஓட்டும் பக்கத்திலேயே பூட்டினான். மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு அண்ணனின் பழைய காரின் மெல்லிய ஒயர்கள் தாங்காது. பேட்டரியிலிருந்தே கனமான சிவப்பு ஒயர் ஒன்றைத் தனியாக எடுத்தான். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்தான். தகட்டு ஓரம் ஒயரை அறுத்துவிடாமல் ரப்பர் வளையம் போட்டு உள்ளே நுழைத்து, தரைவிரிப்புக்கு அடியில் சீட்டு வரைக்கும் கொண்டுவந்தான்.

அங்கே வெட்ட வேண்டும். கட்டரை எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி சொன்னது தப்பில்லை. ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கேதான் பொருந்தியது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. இந்தச் சீட்டு என்றைக்காவது ஒருநாள் அந்தப் பக்கம் போகத்தான் போகிறது. அந்த நாளைத் தானே தொடங்கி வைக்க அவனுக்கு மனமில்லை. அது வராது என்பது போல நடிக்கவும் முடியவில்லை. நடுவில் இருந்த மேட்டைத் தாண்டிப் பக்கத்து சீட்டு வரைக்கும் கண்ணாலேயே அளந்தான். அந்த நீளத்துக்கு வெட்டினான். கறுப்பு ஒயரையும் அவ்வாறே வெட்டினான். முனைகளைச் சீட்டில் இணைத்து, மிச்ச நீளத்தைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

"ஏறி உக்காருங்க."

அண்ணன் உட்கார்ந்து, முன்னால் போகும் பொத்தானை அழுத்தினார். சீட்டு அவரைப் பின்னால் கொண்டுபோனது.

"நீ எப்படியோ அப்படித்தான்டா உன் ஒயரும். ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யுது!"

இளையவன் சிரிக்காமல் கதவோரம் மண்டியிட்டு, இடம் மாறியிருந்த இரண்டு ஒயர்களைத் தேடி அடியில் கைவிட்டான். அவன் இழுத்த இழுப்பில் அந்தச் சுருள் உருண்டு வந்து அண்ணனின் செருப்பில் இடித்து நின்றது.

அண்ணன் குனிந்து எடுத்தார்.

"எதுக்குடா இவ்வளவு மிச்சம்? எச்சில் கையால காக்கா ஓட்டாதவன் ஆச்சே நீ."

அவர் ஒயரின் மடிப்பைப் பிரித்து நீட்டிப் பார்த்தார். அது மேட்டைத் தாண்டி, பக்கத்து சீட்டின் காலைத் தொட்டு நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

பக்கத்துக் கடையில் சுத்தியல் சத்தம் ஓய்ந்திருந்தது. அண்ணன் அந்தக் காலிச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது ஓட்டினால் அங்கே அவரால் சும்மா உட்கார முடியாது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். தரைத் தகடு ஓட்டையாகிவிடும் என்று அண்ணி கத்துவாள்.

"அவ சொன்னாளா?"

"அண்ணி அந்தப் பக்கமே போடச் சொன்னாங்க."

"நீ என் பக்கம் போட்டுட்டே."

"ஆமா."

"ஒயரை மட்டும் அவ சொன்ன பக்கம் விட்டுட்டே."

இளையவன் இடம் மாறிய ஒயர்களைச் சரிசெய்தான். சுருளை மறுபடி சுருட்டி, கட்டுவதற்குப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்தான்.

"அதைப் போடாத," என்றார் அண்ணன். "அதைப் போட்டா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். கயித்துல கட்டு."

நூல்கயிற்றால், நுனியை இழுத்தால் அவிழும்படி முடிச்சுப் போட்டான். அண்ணன் மடங்கிய விரல்களால் அதன் நுனியைப் பிடித்து இழுத்தார். முதலில் வழுக்கியது. மறுபடி பிடித்தார். அவிழ்ந்தது.

"எனக்கே அவிழுது. சரி, திரும்பக் கட்டு. என்னைக்கு இதை அவிழ்க்கணும்னு எனக்குத் தெரியும். அதுவரைக்கும் நீயும் உங்க அண்ணியும் இதுல கை வைக்கக் கூடாது."

இளையவன் அதே முடிச்சை மறுபடி போட்டான். சுருளை அடியில் தள்ளி, கயிற்றின் நுனியை மட்டும் அண்ணனின் கைக்கு எட்டும்படி வெளியே விட்டான்.