வெர்லின் மாமா நீலமான கதையை நான் எழுதிக் கெடுத்த விதம்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: கல்லூரி நகைச்சுவைப் பத்திரிகைக்காக, என் சொந்த மாமாவைக் கிண்டல் செய்யத்தான் இதைத் தொடங்கினேன். ஆசிரியர் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். மாமா நீலமாகியிருந்தார். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் தொடக்கம்: "அமெரிக்காவின் வடக்கு ஐடஹோ பனிமலைகளுக்கு நடுவே ஒரு தனிமனிதன்..."

(அடித்துவிட்டேன். மாமா தனியாக இருந்ததே இல்லை. தபால்காரரைக்கூட உட்காரவைத்து ஒரு டம்ளர் நீட்டுவார்.)

இரண்டாம் தொடக்கம்: 1999. அடுத்த ஜனவரியில் 2000 பிறந்ததும் தேதி குழம்பிக் கம்ப்யூட்டர்கள் நின்று, மருந்துக்கடைகளும் மூடிவிடும் என்று வெர்லின் மாமா நம்பினார். அதனால் சமையலறையில் ஒரு ஜாம் பாட்டில் தண்ணீர், அதற்குள் இரண்டு வெள்ளிக் கம்பிகள், மேலே வரிசையாக மூன்று ஒன்பது வோல்ட் பேட்டரிகள். கம்பியிலிருந்து கரைகிற வெள்ளியைத் தினமும் குடித்தால் எந்த நோயும் அண்டாதாம்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2.

காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், உப்பு கூடவே கூடாது என்றுதான் அவர் வாங்கிய கைப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் சுத்தத் தண்ணீரில் வேலை மெதுவாக நடக்கும். மாமாவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டார். தண்ணீர் பால்போல் கலங்கியது. கலங்கினால் வீரியம் என்று முடிவுகட்டிவிட்டார்.

ஏழு மாதத்தில் நகக்கண் நீலம். பிறகு காது. பிறகு, சரி, வெயில் பட்ட இடமெல்லாம் ஈயச்சட்டி நிறம். தொப்பி மறைத்த நெற்றி மட்டும் பழைய மாமா.*

*குடிப்பதை நிறுத்தினாலும் இந்த நிறம் போகாது. நோரீன் சொன்னது.

3.

நோரீன், மாமாவின் ஒரே மகள்; ஆஸ்பத்திரி நர்ஸ். அவளைக் கறாரான அறிவியல் குரலாக வைக்க நினைத்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். போட்டோவுக்காக அப்பா முகத்தில் கொஞ்சம் பவுடர் பூசலாமே என்று வருங்கால மாமியார் ஒரு டப்பா கொடுத்தனுப்ப, அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு நேரே சமையலறைக்கு வந்தாள்.

"நிறம் எனக்குப் பிரச்சினையே இல்லப்பா, நீலமாவே வாங்க. ஆனா இந்தப் பாட்டில் இன்னிக்கே நிக்கணும். இல்லன்னா சர்ச்சுல உங்க கையைப் பிடிச்சு வரமாட்டேன், பீடம் வரைக்கும் தனியாவே நடந்து போறேன்."

"தாராளமா நடந்து போ. இத்தனை மாசத்துல எனக்கு ஒரு சளி பிடிச்சிருக்கா, நர்ஸம்மா?"

"பொணத்துக்கும்தான் சளி பிடிக்காது."

நான் சிரித்துவிட்டேன். இருவரும் என்னை முறைத்தார்கள்.

"எழுதிக்கோடா," என்றார் மாமா. "பேரை மட்டும் மாத்தாத."

(மாற்றவில்லை.)

4.

முடிவு ஒன்று: மாமா கம்பிகளைப் பிடுங்கி எறிகிறார். கண்ணீர். சர்ச் ஆர்கன். ஆசிரியருக்குப் பிடித்திருந்தது. அவருக்கு மாமாவைத் தெரியாது.

முடிவு இரண்டு: நோரீன் மனம் இளகி

(இல்லை. அவள் யாருடைய மகள் என்று மறந்துவிட்டேன்.)

முடிவு மூன்று: சர்ச்சே மாமாவைப் பார்த்துச் சிரிக்கிறது. இதற்குத்தான் அந்த இரண்டு பக்கம். கிழித்துப் போட்டேன். ஆசிரியர் வேறு யாராவது மாமாவைத் தேடிக்கொள்ளட்டும்.

5.

சனிக்கிழமை. சர்ச் வாசல். மாமா கோட்டு போட்டு, பவுடர் இல்லாமல் வந்து நிற்கிறார். உள்ளே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"பாட்டில் என்னாச்சுப்பா?" என்கிறாள் நோரீன்.

மாமா முழங்கையை மடித்து நீட்டுகிறார்.

'நிறுத்திட்டேன்' என்று ஒரு பொய் போதும், அவள் கை கொடுத்துவிடுவாள். அதை நான் அவருக்கு எழுதித் தர மாட்டேன். அவள் கையைத் தூக்கி அந்த முழங்கையில் வைக்கவும் மாட்டேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே வாசலுக்கு வாருங்கள். இரண்டு பேரில் ஒருவரைப் பணிய வைத்துப் பாருங்கள்.