பன்றித் தலை

காப்பிச் செடிகளுக்கு நடுவே சித்தன் பன்றித் தலையைத் தோளில் சுமந்து வருவதைப் பார்த்ததுமே முத்தாயிக்கு விளங்கிவிட்டது. செம்மநத்தத்து வேட்டையில் ஆளுக்குப் போலவே நாய்க்கும் ஒரு பங்கு கறி உண்டு. நாய் செத்துப்போனால்தான் அதை வளர்த்த வீட்டுக்குத் தலை வரும்.

போன வருஷம் பன்றி தொடையைக் கிழித்து அவள் புருஷன் செத்தான். அதிலிருந்து அவள் வளர்த்த நாய் செவலைதான் ஊர் ஆட்களோடு வேட்டைக்குப் போய் வீட்டுக்குப் பங்கு சம்பாதித்தது. குட்டி போட்டு, பால் கட்டிய மடியோடு படுத்துக் கிடந்த நாயை இன்று காலையில் அவிழ்த்து அனுப்பியதும் முத்தாயிதான். பிள்ளைகள் கறியைக் கண்ணால் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"செவலதானுங்க அண்ணி மொதல்ல பாஞ்சு புடிச்சது. மடி கனத்துல வெலக முடியலீங்க. வயித்தக் கிழிச்சுப் போட்டுருச்சு," என்றான் சித்தன்.

முத்தாயி தலையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இனி எங்க ஊட்டுக்குப் பங்கு ஏது தம்பி?"

அவன் அடுப்போரம் பார்த்தான். சாக்கின்மேல் நான்கு குட்டிகள் முலை தேடி ஒன்றையொன்று சப்பிக்கொண்டிருந்தன.

"அந்தச் செவலக் குட்டி ஆத்தா மாதிரியே வருமுங்க," என்றான் மெதுவாக.

பிடரியைப் பிடித்துத் தூக்கும்போது கத்துகிற குட்டி வேட்டைக்கு ஆகாது என்பார்கள். முத்தாயி குனிந்து அந்தக் குட்டியின் பிடரியைப் பிடித்துத் தூக்கினாள். கத்திவிடு சாமி, கத்திவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

குட்டி கத்தவில்லை.