லொடலொட என்று தேடினால்

கார்ப் பைத்தியங்கள் கூடும் அந்த இணையக் களத்தில் இல்லாத விஷயம் இல்லை. தேடினால்தான் எதுவும் கிடைக்காது. ‘கிளட்ச்’ என்று தேடினால் ‘க்ளட்ச்’ என்று எழுதியவர் வரமாட்டார். ‘கிளச்சு’ என்று எழுதியவர் எந்த ஜென்மத்திலும் வரமாட்டார். ஆகவே எல்லோரும் தேடுவதை விட்டுவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி நொந்தவர் டாக்டர். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்தான். வண்டியைப் பார்க்காமலே நோயைச் சொல்லுவார் என்பதால் அந்தப் பட்டம்.

களத்தை நடத்துகிறவன் தன் அண்ணன் மனைவியிடம் வந்து நின்றான். அவள் ஒரு துணிக்கடையின் இணையதளத்துக்குத் தேடல் எழுதிக்கொடுத்தவள்.

“அண்ணி, அந்தத் தேடல் பெட்டிய மட்டும் கொஞ்சம் பாருங்களேன். டாக்டர் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவார் போலிருக்கு.”

காரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பின் சீட்டில் சாய்ந்தால் தூக்கம் வரும் என்பது மட்டுமே. இருந்தாலும் உட்கார்ந்தாள். எழுத்து வேறுபாடுகளை ஒன்றாக்குவது சுலபமாக முடிந்தது. பிறகு, ஜனங்கள் எதைத் தேடி வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்று பார்த்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லொடலொட. கிரீச். டொக்கு டொக்கு. பூனை தும்முற மாதிரி.

“தம்பி, இவங்க யாரும் பார்ட்ஸ் பேர தேடல. சத்தத்தத்தான் தேடுறாங்க.”

அப்புறம் வீடு வீடாக இல்லை. எந்தெந்தச் சத்தங்கள் ஒரே குடும்பம் என்று அவளுக்குத் தெரியாதே. கொழுந்தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயால் செய்துகாட்ட, அவள் மடிக்கணினியில் சேர்த்துக்கொண்டே போனாள். குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்த கணவன் திகைத்து நின்றான்.

“என்னடா ஆச்சு உனக்கு?”

“சைலன்சர்ல ஓட்டை,” என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஓட்டைன்னா இப்படியா இருக்கும்? தள்ளு,” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவனும் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ‘எங்க அண்ணி செஞ்சது’ என்று களத்தில் அறிவித்துப் புதிய தேடலைத் திறந்துவிட்டார்கள். முதல் ஆளாகக் கணவன் தன் வண்டியின் வியாதியைத் தட்டினான்: ‘இடது பக்கம் திரும்பினா டிங்கு டிங்கு’. ‘டிங் டிங்’, ‘டிங்கிடிங்கி’ என்று எழுதியவர்களெல்லாம் வரிசைகட்டி வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே டாக்டர் எப்போதோ எழுதிய பதில்: ‘பயப்படாதீங்க. எவனோ எதையோ உள்ள மறந்துட்டுப் போயிருக்கான்.’

மூவரும் படியில் இறங்கி ஓடினார்கள். பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குக் கீழே இருந்த சந்துக்குள் அண்ணிதான் கையை விட்டாள். அவள் கைதான் உள்ளே போனது. வெளியே வந்தது ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். பிடியில் சிவப்பு பெயின்ட். அந்த வண்டிக்கு சர்வீஸ் செய்கிறவர் டாக்டர். அவர் கருவி எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு இருக்கும்.

கொழுந்தன் படம் எடுத்துக் களத்தில் போட்டான். ஊரே கூடிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

‘இத நான் தேடாத இடமில்ல. தேடல் ரொம்ப நல்லா வேலை செய்யுது அண்ணி.’

அவ்வளவுதான். களத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வண்டியின் சத்தத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். சிலர் வண்டியே இல்லாமல் மிக்ஸியின் சத்தத்தைத் தேடினார்கள். பாரம் தாங்காமல் தளம் அப்படியே படுத்துவிட்டது.

“அண்ணி, போச்சு,” என்றான் கொழுந்தன்.

கிரீஸ் கையோடு பார்க்கிங் தரையில் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

“லேப்டாப்ப எடுத்துட்டு வா தம்பி. எழுப்பிடலாம்.”