காலை-17, மதியம்-17

1

612 மாணவிகள் படித்த ஒரு பள்ளியில் நடந்த கதை இது. எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரியா எல்லையோரம் இருக்கும் ரம்தா நகரத்துப் பள்ளிக் கணினி ஒன்றில், முகம் தெரியாத ஒரு பெண் நாலு வரி தட்டிவிட்டுப் போனாள். பதினோரு வருடமாக அந்த வரிகளைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அவளுக்கு நன்றி சொல்லத்தான் இத்தனை பாடும். நேரில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, அதனால் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "எல்லைக்கு அப்பால் புகை எழுந்த அந்தக் குளிர்காலத்தில்..." அடச்சே, பரிசுக்கு எழுதுகிற கை தெரிகிறது. வெட்டினேன்.

அடுத்த தொடக்கம்: "லுஜைன் நல்ல பெண்." இது பொய். அதையும் வெட்டினேன்.

2

லுஜைனுக்குப் பதினாலு வயது, வாய் நீளம். கணினி அறையில் பதினேழாம் இருக்கை அவளுடையது. காலையில் ஊர்ப் பெண்கள் படித்தார்கள். பதினொன்றரைக்கு அவர்கள் பின்வாசல் வழியாக வெளியேற, சிரியாவிலிருந்து எல்லை தாண்டி வந்த குடும்பங்களின் பெண்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. இரண்டு வேளைக்கும் பொதுவானவை பெஞ்சுகளும் கணினி ஆசிரியை மிஸ் இப்திசாமும்தான். (கழிவறைத் தாழ்ப்பாளும் பொதுதான். இரண்டு வேளையும் விழாது.)

அந்த மிஸ்தான் பள்ளிக்கென்று ஒரு விக்கி தொடங்கினார். யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம், மாற்றியதற்குக் காரணத்தைக் குறிப்புப் பெட்டியில் சொல்லிவிட வேண்டும். இருக்கை எண்தான் பெயர். காலையில் அந்த இருக்கையில் இருப்பவள் காலை-17, மதியம் இருப்பவள் மதியம்-17.

"எங்கள் பள்ளி" என்ற பக்கத்தை லுஜைன் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். கல்வி அலுவலகப் போட்டிக்கு அதையே அனுப்பப்போவதாக மிஸ் சொல்லிவிட்டார். அந்த ஊரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை; ஞாயிறு காலை பத்து மணிக்கு நடுவர்கள் திறந்து பார்ப்பார்கள். வீட்டில் ஐந்து பெண்களில் நாலாமவள் அவள். அதுவரை எதற்கும் அவளை யாரும் முன்னால் வா என்று கூப்பிட்டதில்லை.

பக்கத்தின் முதல் வரி: "எங்கள் பள்ளியில் 612 மாணவிகள் படிக்கிறார்கள்."

ஒரு திங்கட்கிழமை பார்த்தால் அது 1180 ஆகியிருந்தது. அடியில், கடைசியாக மாற்றியவர்: மதியம்-17.

3

லுஜைன் 612 என்று திருத்திக் குறிப்பு எழுதினாள்: "இது எங்க ஸ்கூல். கை வைக்காத."

மறுநாள் 1180. "மதியம் நாங்க 568 பேரு வர்றோம். கூட்டத் தெரியாதாடி உனக்கு?"

612. "நீங்க வந்துட்டுப் போறவங்க."

1180. "போறதுக்கு எடம் இருந்தா உன் பெஞ்சுல வந்து ஏன் உக்காரப் போறேன்? அடியில சூயிங்கம் ஒட்டி வெச்சிருக்கியே மகராசி, என் உடுப்பே பாழாப் போச்சு."

(சூயிங்கம் என்னுடையது இல்லை. சரி, என்னுடையதுதான்.)

பிடிபட்டுவிட்டேன். லுஜைன் நான்தான். வேறு யாரோ போல எழுதினால் கூச்சம் குறையும் என்று பார்த்தேன். இன்னும் கொஞ்ச தூரம் அவளாகவே போகட்டும். அடுத்து அவள் செய்ததை "நான்" என்று எழுதக் கை வரவில்லை.

பக்கத்து இருக்கை பயான் சொல்லிப் பார்த்தாள். "விடேண்டி. அவ சொல்ற கணக்கு சரிதானே?"

"சரியா தப்பாங்கறதா பேச்சு? நான் எழுதுனத அவ எப்படி மாத்தலாம்?"

4

வியாழக்கிழமை. மணியடிக்க மூன்று நிமிடம். மறுபடியும் 1180. லுஜைனுக்குக் கோபம் தலைக்கேறியது. எண்ணை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கை பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டது. பார்க்காமல் 612 என்று தட்டிச் சேமித்தாள்.

இரண்டு மாத உழைப்பு போய், வெள்ளைத் திரையில் 612 மட்டும் நின்றது.

மிஸ் இப்திசாமுக்கு அன்று காய்ச்சல். அவருக்குப் பதிலாக வந்த ஆசிரியை, "கெளம்புங்க, கெளம்புங்க, அடுத்த கூட்டம் வருது" என்று எல்லோரையும் விரட்டினார். (விக்கியில் பழையது எதுவும் அழிவதில்லை, "வரலாறு" என்ற பக்கத்தில் இருக்கும், மீட்டுவிடலாம். மதிய வகுப்புக்கு இந்தப் பாடம் நடந்தது. காலை வகுப்புக்குப் பனி விடுமுறையில் போயிற்று.) வீட்டில் இணையம் கிடையாது. வெள்ளிக்கிழமை, சட்டியோடு கவிழ்த்துப் பரிமாறும் மக்லூபா சோற்றை விரலால் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, மக்லூபான்னா சட்டியக் கவுக்கறதுக்கு முன்னாலயே தட்டோட நிப்ப. இன்னிக்குக் கோழிக்கு எறைக்கிற மாதிரி எறைச்சுக்கிட்டு இருக்க?"

"பசிக்கலம்மா."

5

ஞாயிறு காலை. லுஜைன் பக்கத்தைத் திறந்தாள்.

எல்லாம் இருந்தது. பத்திகள், படங்கள், தாழ்ப்பாளைப் பற்றிய புகார் உட்பட. முதல் வரியில் 612. அடியில், கடைசியாக மாற்றியவர்: மதியம்-17. குறிப்பு:

"வியாழக்கெழம பக்கம் காலியாக் கெடந்துச்சு. நீ எழுதுனபடியே திருப்பி வெச்சுட்டேன். நம்பர நான் தொடல. அத நீயே மாத்து."

வரலாற்றுப் பக்கத்தை அன்றுதான் திறந்து பார்த்தேன். (ஆமாம், "நான்". இனி அவள் வேண்டாம்.) அழிந்ததற்கு நேர்முந்தையது அவளுடைய 1180. அதை எடுத்து வைத்திருந்தால் யாராலும் குறை சொல்ல முடியாது. அதைத் தாண்டி இறங்கி, என்னுடையதைத் தேடி எடுத்திருக்கிறாள். அடிப்பாவி, இப்படியா ஒருத்தியைத் தோற்கடிப்பது? கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம். "என்னடி பண்ணப் போற?" என்றாள் பயான்.

6

ஒரு முடிவு எழுதினேன்: எண்ணை மாற்றினேன், பரிசு கிடைத்தது, இருவரும் வாசலில் கட்டிக்கொண்டோம், தலைமையாசிரியை பக்லாவா கொடுத்தார். தித்திப்பு அதிகம். இன்னொன்று: மாற்றவில்லை, வாழ்நாள் முழுக்க... இதை முடிக்கவே மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். 1180 என்று மாற்றினேன். குறிப்பில் "நன்றி" என்று எழுதினேன். பரிசு ஆமைகளைப் பற்றிய ஒரு பக்கத்துக்குப் போனது. நல்ல பக்கம்தான். மறுவாரம் இருக்கைகளை மாற்றிவிட்டார்கள், மதியம்-17 யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு நாள் பதினொன்றரைக்கு முன்வாசலில் போய் நின்றேன். கத்திச் சிரித்துக்கொண்டு ஒரு கூட்டமே வந்தது. அதில் எவள் என்று கண்டுபிடிப்பது? எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு முறை சிரித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நாங்கள் சந்தித்தோமா என்று கேட்காதீர்கள். உங்களுக்கு வேறு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்தக் கதையின் முதல் வரிக்குப் போங்கள். அங்கே இன்னும் 612 என்றுதான் இருக்கிறது. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன், நான் தொடப்போவதில்லை. அதை நீங்களே மாற்றுங்கள்.