பதினைந்து வினாடிக் கூட்டணி

பள்ளி ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கான குலுக்கலில் தன் அணியோடு வாத்தியின் அணி ஜோடி சேர்ந்திருப்பதைப் பார்த்ததும் மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை அணிகளில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

வாத்தி அவளுடைய சித்தி மகன். ஒரு மாதம் மூத்தவன், முறைப்படி அண்ணன் என்று கூப்பிட வேண்டும். அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எதிரே யார் வந்தாலும் பாடம் எடுப்பான், அதனால் வாத்தி. அவளுக்கு மிளகாய் என்று ஏன் பெயர் வந்தது என்பது அவளிடம் கொஞ்ச நேரம் பேசினால் தெரிந்துவிடும். போன வருடப் போட்டியிலும் இருவரும் ஜோடிதான். "நீ முதல்ல போ, நான் காத்திருக்கேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவள் தன் ரோபோவை முந்த விட்டாள். அவனுடையது இடிபட்டுக் குப்புற விழுந்தது. தோற்றார்கள். அந்தச் சண்டை வீட்டுக்குப் போய், அம்மாவும் சித்தியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

இது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். இன்று விட்டால் இனி போட்டியே கிடையாது. ஜெயித்தே தீர வேண்டும், இந்த மூஞ்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது.

ஆட்டத்தின் முதல் பதினைந்து வினாடி யாரும் ரோபோவைத் தொடக் கூடாது. எழுதிவைத்த புரோகிராம்படி அதுவே ஓட வேண்டும். அந்த நேரத்தில் கூடையில் விழும் பந்துக்கு இரட்டைப் புள்ளி. ஜோடிக்கு ஒரே பந்துக் குவியல்தான். அதைச் சுற்றிய தடுப்பின் வாசலில் ஒரு நேரத்தில் ஒரு ரோபோதான் நுழைய முடியும்.

"என்னோடது முதல்ல போகும். அஞ்சு வினாடியில வெளிய வந்துடும். அப்புறம் உன்னோடது. புரியுதா, படம் போட்டுக் காட்டணுமா?" என்றான் வாத்தி.

"புரியாம போக நான் என்ன உன் அணியிலயா இருக்கேன்?"

"போன வருஷமும் இப்படித்தான் தலையாட்டின."

"ஒரு வருஷமா அதையே மென்னுக்கிட்டிருக்க. துப்பித் தொலை."

பயிற்சிக் களத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சொன்னபடி அவனுடையது போய் வந்தது, பிறகு அவளுடையது போனது. கனகச்சிதம். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

இறுதிக் களத்தில் இருவரும் அவரவர் ரோபோ முன் மண்டியிட்டார்கள். அவளுடைய ரோபோவின் சின்னத் திரையில் இரண்டு புரோகிராம்கள் இருந்தன: 'காத்திரு', 'முந்து'. அவள் விரல் 'முந்து'வில் போய் நின்றது. முதலில் நுழைந்தால் மொத்தக் குவியலும் அவளுக்குத்தான். அவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். நினைக்கவே தித்தித்தது. பக்கத்தில் வாத்தி சட்டென்று குனிந்து தன் திரையில் எதையோ தட்டினான். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் அவளுக்குப் போன வருடத்து 'தடால்' சத்தம் காதில் விழுந்தது. வேண்டாம். அவனுக்காக ஒன்றும் இல்லை. ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு 'காத்திரு'வுக்கு மாற்றினாள். "கையை எடுங்க" என்றார் நடுவர்.

மணி அடித்தது. எதிரணி பாய்ந்தது. இந்தப் பக்கம் இரண்டு ரோபோவும் மரம் மாதிரி நின்றன.

"போயேன்டா!" என்று அவள் அலறினாள். அவனுடையது அசையவில்லை. ஐந்து வினாடி ஆனதும் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. தடுப்பின் வாசலில் மோதி, கைக்குள் கை மாட்டிக்கொண்டு உறுமின. பதினைந்து வினாடி முடிந்து இருவரும் ரிமோட்டில் இழுத்துப் பார்த்தும், கடைசி மணிவரை அந்தப் பிடி விடவே இல்லை. ஒரு பந்துகூட விழவில்லை.

"உன்னோடது ஏன்டா போகல?"

"நீ 'முந்து'ல கை வச்சதை என் கண்ணால பார்த்தேன். எப்படியும் இடிப்ப, நீயே முதல்ல போய்த் தொலைன்னு என்னோடதை அஞ்சு வினாடி நிறுத்தினேன்."

"அதை மாத்திட்டேன்! காத்திருக்கத்தான் வச்சேன்!"

"நீயா?"

அவன் கிண்டல் செய்திருந்தால் அறைந்திருப்பாள். அவன் நிஜமாகவே நம்பவில்லை. அவள் ரோபோவைப் பிடுங்கித் திருப்பினாள். மோதியதில் திரை நொறுங்கிக் கருத்துக் கிடந்தது.

"சத்தியமாடா."

"பெரியம்மாகிட்ட சொல்லிப் பாரு. அவங்களாவது நம்புறாங்களான்னு பார்ப்போம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையாளர்களின் மேல் வரிசையில் அம்மா எழுந்து நின்று, களத்தையோ ரோபோவையோ பார்க்காமல், அவளை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தாள்.