ஊமையன் மகன்

காலைப் பயிற்சி முடித்து லாயத்துக்குள் வந்த மகள், சேணத்திலிருந்து குதிக்கும்போதே சிரித்தாள். "அப்பா, கடைசி நேர்பாதையில இவன் மூச்சுச் சத்தமே கேக்கல. காத்துல மிதக்குற மாதிரி இருந்துச்சு."

குதிரையின் வியர்வையைத் துடைக்கப் போன, பழைய ஜாக்கியான அப்பாவின் கை அப்படியே நின்றது.

நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு விடும். மேலே இருப்பவர் காதில் அது துருத்திபோல ஊதிக்கொண்டே இருக்கும். இந்தக் குதிரையின் அப்பனுக்கு மட்டும் கடைசியில் அந்தச் சத்தம் நின்றுவிடும். மூச்சை அடக்கியபடியே வெற்றிக் கம்பத்தைத் தாண்டுவான். பதிவில் அவனுக்கு ஏதோ ராஜா பெயர், லாயத்தில் ஊமையன். தோல்வியே காணாமல் ஓய்வுக்குப் போனவன், இன்று மைதான வாசலில் வெண்கலமாக நிற்கிறான். அவன்மேல் குனிந்திருக்கும் வெண்கல ஜாக்கிக்கு இவருடைய முகம்.

பிறகு ஊமையனின் பிள்ளைகள் ஓட வந்தன. மூத்தவன் இவரைச் சுமந்தபடியே நெஞ்சு வெடித்து விழுந்தான். இவருடைய இடுப்பு அன்றைக்குப் போனது. அடுத்தவன் விழுந்தபோது, மேலே இருந்த ஜாக்கி எழுந்திருக்கவே இல்லை. "மூச்சை அடக்குற புத்தி அப்பன்கிட்டேர்ந்து வந்திருக்கு. தாங்குற நெஞ்சு வரல" என்றார் குதிரை டாக்டர். முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பாப்பா, நாளைக்கு ரேஸுல நீ இவன்மேல ஏறாத."

"ஆரம்பிச்சிட்டீங்களா? எனக்கும் சிலை வச்சிருவாங்கன்னு பொறாமையா?"

"விளையாடாத."

"நாயா அலைஞ்சு கிடைச்ச குதிரைப்பா. இதையும் விட்டா என்னைச் சாணி அள்ளத்தான் கூப்பிடுவாங்க."

அவருக்கு அதுவும் தெரியும். "சரி. சத்தம் நின்னா இழுத்துப் பிடிச்சிரு. தோத்தாலும் பரவால்ல. என் தலைமேல சத்தியம் பண்ணு."

"வழுக்கைத் தலையில பண்ணா செல்லுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையை வைத்தாள். கை சில்லென்று இருந்தது.

மறுநாள் வேலியோரம் நின்றார். கூட்டத்தின் இரைச்சலில் மூச்சு எங்கே கேட்கப்போகிறது? அவளுடைய முழங்கைகளையே பார்த்தார். வளைவு முடிந்து நேர்பாதை வந்தது. முழங்கைகள் சட்டென்று பின்னால் போயின. குதிரையின் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"இழு" என்றார், யாருக்கும் கேட்காமல்.

முழங்கைகள் தளர்ந்தன. கடிவாள வாரை முழுசாக விட்டுக்கொடுத்தாள். மற்ற குதிரைகள் பின்னால் சுருங்கிப்போயின.

கம்பத்தைத் தாண்டியதை அவர் பார்க்கவில்லை. குதிரையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடங்கவில்லை. வெகுதூரம் போய், விலா விரிந்து, அது மூச்சு வாங்கியது.

முதலாளி ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்குய்யா! அடுத்த மாசம் பெரிய ரேஸுல விடுறோம்." சொன்னது குதிரையையா மகளையா என்று இவர் கேட்கவில்லை.

மகள் இறங்கினாள். இவர் அவள் தோளைப் பற்றினார்.

"சத்தியம் பண்ணியே, பாப்பா."

"பிடிச்சேன்ப்பா. கை தானா விட்டுருச்சு." குரலைத் தாழ்த்தினாள். "அந்த அமைதி... உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். இன்றைக்கும் கண்ணை மூடினால் அவர் தேடுவது கைதட்டலை அல்ல, அதைத்தான். கடிவாள வாரைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பதில் கிடைத்துவிட்டதுபோல மெல்லச் சிரித்தாள்.

"பெரிய ரேஸு இதைவிட நீளமாப்பா?"