சிவப்பு அட்டை

சுப்புராமனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பராமரிப்பு வேலை. வீட்டில் கரண்ட் அடுப்பு சூடாகவில்லை என்றதும் சுவிட்சை அணைத்து, அதன்மேல் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்: ‘வேலை நடக்கிறது. மாட்டியவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.’ வேலையென்றால் முறையாக நடக்க வேண்டும் அவருக்கு. மனைவி சகுந்தலாவிடம் கையெழுத்துகூட வாங்கிக்கொண்டார்.

அறுந்துபோயிருந்த காயிலை மாற்றி, தண்ணீர் வைத்தார். சூடேறவில்லை. மறுபடி பிரித்து ஒயரை மாற்றினார். காயில் விற்ற கடைக்காரனைத் திட்டினார். மூன்றாம் முறை பிரித்தபோது, சகுந்தலா நறுக்கி வைத்திருந்த கத்தரிக்காய் கறுத்துப்போயிருந்தது.

“சும்மாவே உட்கார்ந்திருக்கியே, ஏதாவது சொல்லக் கூடாதா?” என்று எரிந்து விழுந்தார்.

“சுவிட்சைப் போட்டிருப்பேன். தொட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேனே” என்றாள் அவள்.